இருபத்தெட்டாம் நாள் எல்லோரும் சொல்வார்கள்

ஆடி மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, துறையூர் தாஸ் ஸ்டுடியோவில் கூடியிருந்தவர்கள் ஐந்து பேர். விளக்குக்கு எதிரே, சுழலும் ஸ்டூலில், நுகர்வோர் விழிப்புணர்வுப் பேரவையின் செயலாளர் கலைக்கோவன். அவருக்கு இடது கைப்பக்கம், பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் மனைவி ரேணுகாதேவி. அவளுக்கு அடுத்த நாற்காலியில், கால்மேல் கால் போட்டுக்கொண்டு, பொருளாளர் புகழேந்தி. வலது கைப்பக்கம் மரப்பெஞ்சில் மருந்துக்கடை ஷமீம் பானு. பெஞ்சின் மறுமுனையில் ஸ்டுடியோ முதலாளி ஆரோக்கியதாஸ். வலப்பக்கச் சுவரில் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதை வந்திருந்தவர்கள் பட்டியலில் சேர்க்கவில்லை, சேர்த்திருக்க வேண்டும்.

யார் எங்கே உட்கார்ந்தார் என்று எழுதாத கூட்டக்குறிப்பு குறிப்பே அல்ல என்று எட்டாம் வகுப்பில் ஒரு வாத்தியார் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன மற்ற எதையும் கலைக்கோவன் பின்பற்றவில்லை. இதை மட்டும் முப்பத்தேழு வருடமாக விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டாயிரத்து நாற்பத்தொன்றில், எல்லோரும் கூட்டத்தை இயந்திரத்திடம் ஒப்படைத்து அதுவே குறிப்பெடுக்கட்டும் என்று விட்டுவிட்ட காலத்தில், கோடு போட்ட நோட்டில் நீல மையால் நாற்காலிகளை எழுதிக்கொண்டிருந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். அதில் அவருக்குப் பெருமை வேறு.

அன்றைய பொருள்: செயலாளரின் முகம்.

விஷயம் இதுதான். 'பூவதனி' என்று ஒரு முகக்களிம்பு வந்திருந்தது. பேருந்து முதுகில், பால் பாக்கெட்டில், கைபேசியைத் திறந்தால் அதிலும் அதே வாசகம்: 'இருபத்தெட்டாம் நாள் எல்லோரும் சொல்வார்கள், உங்கள் முகம் தெளிந்துவிட்டது என்று.' பேரவைச் செயலாளர் இதைச் சும்மா விடுவாரா? இதற்கு முன் சோப்பு, ஷாம்பு, பவுடர், வெயில்காப்புக் களிம்பு என்று நிறுவனங்களுக்கு நானூற்றுப் பதினொரு கடிதங்கள் எழுதியவர். 'ஐந்து மடங்கு பொலிவு என்கிறீர்களே, எதைவிட ஐந்து மடங்கு?' என்று கேட்டு ஒரு நிறுவனத்தைத் திணறடித்ததாக அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார். திணறினார்களா என்பது தெரியாது; பதில் வரவில்லை.

அவருடைய சோதனை முறை எளிமையானது. புதிதாக ஒன்று வந்தால் முதலில் காதுக்குப் பின்னால் மூன்று நாள். அரிக்கவில்லை என்றால் பாதி முகத்துக்கு மட்டும் இருபத்தெட்டு நாள். அந்த நாட்களில் வேறு எதையும் புதிதாகத் தொடக் கூடாது. பிழைப்புக்கு நில அளவை அலுவலகத்தில் வரைவாளர் என்பதால், நெற்றி நடுவிலிருந்து மோவாய்வரை ஒரு கோடு இழுத்து, இடது கன்னம் உட்பிரிவு 1அ, வலது கன்னம் உட்பிரிவு 1ஆ என்று நோட்டில் பிரித்தும் வைத்திருந்தார். 1அவுக்குக் களிம்பு, 1ஆவுக்கு எப்போதும்போலத் தேங்காய் எண்ணெய்.

ஆனால் நோட்டில் எழுதாத ஒன்று உண்டு. அவருடைய இரண்டு கன்னத்திலும் ஐந்து வருடமாக மங்கு என்னும் கருந்திட்டு. கண்ணாடி முன் நின்றால் தமிழ்நாட்டு வரைபடமும் பக்கத்தில் ஒரு இலங்கையும் தெரியும். சமுதாய நலனுக்காகவே சோதனை என்று பேரவையில் தீர்மானம் போட்டவர், தினம் காலையில் இடது கன்னத்தில் களிம்பைத் தேய்க்கும்போது இலங்கை கொஞ்சம் கரைந்திருக்கிறதா என்றுதான் பார்த்தார்.

"முதல்ல ரேணுகா சொல்லட்டும்" என்றார் கலைக்கோவன், முகத்தை விளக்குக்குக் காட்டியபடி.

ரேணுகா உற்றுப் பார்த்தாள். "ரெண்டு கன்னமுமே நல்லாத் தெளிஞ்சிருக்குங்க."

"ரெண்டுமா? நான் ஒரு பக்கம்தானே பூசினேன்!"

"அது என்னவோ, எனக்கு ரெண்டும் பளிச்சுன்னுதான் தெரியுது."

"சார், பொண்ணு பார்க்கப் போற மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்றார் புகழேந்தி. அவர் பெயருக்கேற்ற மனிதர்தான். ஆனால் அன்றைக்கு உண்மையாகவே வியந்ததுபோல இருந்தது.

ஷமீம் அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் தெரியல தம்பி. போன மாசம் இருந்த மங்கு, காலி பண்ண மாட்டேன்னு அப்படியே குடியிருக்கு."

"நானும் அக்கா கட்சி" என்றார் தாஸ். "அந்தக் கன்னத்துக்கும் இந்தக் கன்னத்துக்கும் வித்தியாசமே இல்ல சார். ரெண்டும் ஒரே மாதிரி சுமாரா இருக்கு."

இரண்டுக்கு இரண்டு. தன் முகத்துக்குத் தானே ஓட்டுப் போடக் கூடாது என்பது செயலாளரே கொண்டுவந்த விதி. எனவே கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த ஞாயிறு ஷமீம் அக்காவுக்கு மூட்டுவலி. பெஞ்சில் உட்கார முடியாது என்று ரேணுகாவின் பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கிக்கொண்டார். அக்காவுக்குத் துணையாக தாஸ் இந்தப் பக்கம் வர, ரேணுகாவும் புகழேந்தியும் பெஞ்சுக்குப் போனார்கள். பத்து நிமிடம் டீ, வடை. பிறகு ஓட்டு.

"ஐயையோ, என்னங்க இது!" ரேணுகா வாயைப் பொத்திக்கொண்டாள். "மங்கு அப்படியே இருக்கே!"

"அடேங்கப்பா, தம்பி முகம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கே" என்றார் ஷமீம் அக்கா. சொன்ன பிறகு அவரே தன் வாயை நம்பாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கலைக்கோவன் போன வாரக் குறிப்பையும் இந்த வாரக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆட்கள்தான் இடம் மாறியிருந்தார்கள். இடப்பக்க நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் முகம் தெளிந்திருந்தது. வலப்பக்கப் பெஞ்சில் யார் உட்கார்ந்தாலும் மங்கு இருந்தது. "இது நாற்காலியோட வேலை" என்று அவர் முடிவுக்கு வந்து எழுதத் தொடங்கியபோது, ஷமீம் அக்கா எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார்.

"ஒரு பத்து நிமிஷம் எல்லாரும் பேசாம இருங்க."

இருந்தார்கள். வியர்த்தது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ஐந்து பேர் கண்ணுக்கும் முகம் தெளிந்துவிட்டது. எதிர்ச்சுவர் கண்ணாடியில் பார்த்த கலைக்கோவனுக்கே தான் முப்பது வயதில் இருந்ததுபோலத் தெரிந்தது. "தாஸு, ஒரு போட்டோ எடு" என்றார் அக்கா. எடுத்தார். திரையில் தமிழ்நாடும் இலங்கையும் அசையாமல் இருந்தன.

"கேமராவுக்கு மூக்கு இல்ல தம்பி" என்றார் ஷமீம் அக்கா மெதுவாக. "இந்தக் களிம்பு உங்க தோலுக்கு ஒண்ணுமே பண்ணல. பார்க்கிறவங்களுக்குப் பண்ணுது."

கடிதம் எண் 412 அன்றே எழுதப்பட்டது. பதினோராம் நாள் பதில் வந்தது. அதுவே ஒரு அதிசயம். பதிலில் மழுப்பல் எதுவும் இல்லாதது அதைவிடப் பெரிய அதிசயம். 'ஐயா, தாங்கள் குறிப்பிட்டது சரியே. எங்கள் களிம்பில் உள்ள நுண்ணுயிர்கள் தோலில் தங்கி, மணமற்ற ஒரு ஆவியை வெளியிடுகின்றன. அதைச் சுவாசிப்பவரின் மூளையில், உயிருள்ள முகத்தில் (படங்களில் அல்ல) குறை தேடும் பகுதி சற்று ஓய்வெடுக்கிறது. தோலை மாற்றுவதாக நாங்கள் எங்கும் கூறவில்லை. எல்லோரும் சொல்வார்கள் என்றுதான் கூறியுள்ளோம். சொன்னார்கள் அல்லவா?'

கலைக்கோவன் டப்பாவை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்து, நாலு பக்கமும் படித்தார். உண்மைதான். ஊரில் உள்ள எல்லா டப்பாவையும் படித்துக் குறை கண்டுபிடிக்கும் மனிதர், தனக்கு வேண்டியதை மட்டும் படித்திருந்தார். அடிப்பக்கத்தில் அரிசிமணி அளவு எழுத்தில் எல்லாமே இருந்தது.

"அப்ப தூக்கிப் போடுங்க" என்றார் ஷமீம் அக்கா, அடுத்த கூட்டத்தில். "மங்குக்கு நான் சொல்றது ரெண்டே ரெண்டுதான். வெயில்ல போனா வெயில்காப்பு, தலைக்கு ஒரு தொப்பி. அப்புறம் பொறுமை. என் கடையில நூத்தி இருபது டப்பா இருக்கு. அதுல எதையும் உங்க தலையில கட்ட மாட்டேன்."

"ஏன்க்கா தூக்கிப் போடணும்?" என்றார் புகழேந்தி. "யாருக்கு என்ன நஷ்டம்? பார்க்கிறவனுக்கும் சந்தோஷம், பூசுறவனுக்கும் சந்தோஷம்."

"பொய் சந்தோஷம்டா."

அப்போதுதான் அதுவரை பேசாமல் இருந்த ரேணுகா பேசினாள். அவள் முகத்தில் பன்னிரண்டு வயதில் வந்த அம்மையின் தழும்புகள் உண்டு. இரண்டாம் கூட்டத்துக்கு மறுநாளே, கணவனின் 'தெளிந்த' முகத்தைப் பார்த்துவிட்டு, அவளும் ஒரு டப்பா வாங்கியிருந்தாள். அவளுக்குப் பாதி முகம், முழு முகம் என்ற விவகாரமெல்லாம் கிடையாது.

"அக்கா, நான் பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளரா இருபது வருஷமா இருக்கேன். புதுசா வர்ற ஒவ்வொரு டீச்சரும் முதல் நாள் கேக்குறது, 'என்னம்மா, அம்மையா?' பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவ வைத்தியம் சொல்லுவா. ரெண்டு வாரமா ஒருத்தரும் என் முகத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. சாம்பார்ல உப்பு கம்மின்னு மட்டும்தான் சொல்றாங்க. அது எவ்வளவு நிம்மதின்னு உங்களுக்குத் தெரியாது. அதைக் குப்பையில போடச் சொல்றீங்களா?"

'உறுப்பினர் ரே. தேவியின் கருத்து பதிவு செய்யப்பட்டது' என்று எழுதிக்கொண்டார் செயலாளர். பதிவு செய்ததோடு அவர் கடமை முடிந்தது.

அவரும் களிம்பை விடவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 'இரண்டாம் கட்ட ஆய்வு' என்று அதற்குப் பெயர் வைத்தார். இரண்டாம் கட்டத்தில் உட்பிரிவு 1ஆவும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. அலுவலகத்தில் மேலதிகாரி அவரை உட்காரச் சொல்லிப் பேசினார். இருபது வருடமாக அவர் வந்தாலே ஜன்னலைச் சாத்தும் மின்வாரியக் குமாஸ்தா, "வாங்க சார்" என்றான். விளம்பரத்துக்கு ஏமாறாதீர் என்று ஊர் ஊராகப் பேசப் போகும்போதும், புறப்படுவதற்கு முன் இரண்டு கன்னத்திலும் ஒரு பூச்சு பூசிக்கொண்டுதான் போனார். கைதட்டல் பலமாக இருந்தது.

ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. ரேணுகா ஒருநாள் மாவு அரைத்துக்கொண்டிருந்தவள், அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, தலை சுத்துதுங்க" என்றாள். கலைக்கோவன் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தார். ரோஜாப்பூ மாதிரி இருந்தது. "உனக்கென்ன, முகம் பளபளன்னு இருக்கு. ராத்திரி சரியா தூங்கியிருக்க மாட்டே" என்றார்.

இன்னொரு நாள், மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். "மூச்சு வாங்குதுங்க." அவர் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தாள். "நடைப்பயிற்சி போ."

"மாசாமாசம் ரொம்பப் போகுதுங்க. பத்து நாள் ஆனாலும் நிக்கல" என்று ஒருநாள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அதற்கும் முகத்தைத்தான் பார்த்தார்.

அவர் மட்டும் இல்லை. ஷமீம் அக்கா கடையில் தலைவலி மாத்திரை கேட்டு நின்றபோது, ரத்தசோகையைப் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடிக்கும் அக்கா, "ஜம்முனு இருக்கே, அப்புறம் என்ன தலைவலி?" என்று கொடுத்தனுப்பினார். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க தாஸ் ஸ்டுடியோவுக்குப் போனாள். திரையில் அவள் முகம் வெள்ளைக் காகிதமாக வந்தது. தாஸ் திரையைப் பார்த்தார், எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார், "ச்சே, கலர் செட்டிங் போயிருச்சு" என்று சிவப்பைக் கூட்டி, எதிரே தெரிந்த முகத்துக்குப் பொருத்தமாகச் சரிசெய்து, நாலு பிரதி போட்டுக் கொடுத்தார். நல்ல தொழில்காரர் செய்கிற வேலைதான்.

வாரா வாரம் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் வரிசையில் நின்று இரும்புச்சத்து மாத்திரை வாங்கும்போது, பக்கத்தில் தண்ணீர்க் குடத்தோடு நின்றவள் ரேணுகா. ஒரு பிள்ளையாவது, ஒரு டீச்சராவது அவள் முகத்தைப் பற்றி ஏதாவது கேட்டிருக்கலாம். அவள்தான் அந்தக் கேள்வியிலிருந்து விடுதலை வாங்கியிருந்தாளே.

கார்த்திகையில் கலைக்கோவனுக்கு ஜலதோஷம் பிடித்தது. சாதாரண ஜலதோஷமில்லை, மூக்கு இரண்டும் அடைத்து, காப்பியும் கஷாயமும் ஒன்றாகத் தெரிந்த ஜலதோஷம். இரண்டு நாள் முகத்துக்கு எதுவும் பூசாமல் படுத்துக் கிடந்தார். மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு, ரேணுகா மிளகு ரசத் தம்ளரோடு வந்து நின்றாள்.

அவர் தம்ளரை வாங்கக் கை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

எதிரே நின்றவளுக்கு உதடு என்று ஒன்று தனியாகத் தெரியவில்லை. முகம் முழுக்க ஒரே நிறம், பழைய வேட்டியின் நிறம். கண்ணுக்குக் கீழே பள்ளம். கழுத்தில் ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. ஐந்து மாதமாகப் பக்கத்திலேயே இருந்தவளை அன்றுதான் பார்த்தார்.

"ரேணுகா... உனக்கு என்ன பண்ணுது?"

அவள் தம்ளரை மேசையில் வைத்தாள். "இன்னைக்குத்தான் கேக்கத் தோணுச்சா?" என்றாள்.

அரசு மருத்துவமனையில் இருந்த பெண் மருத்துவர் கரிவடிகட்டி வைத்த முகமூடி போட்டிருந்தார். அவளைப் பார்த்த மாத்திரத்தில், எழுதிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு எழுந்து வந்து, கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். அரை மணி நேரத்தில் ரத்த முடிவு வந்தது. ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தேகால்.

"எத்தனை மாசமா இப்படி?"

"நாலு மாசம் இருக்கும் டாக்டர்" என்றாள் ரேணுகா.

"வீட்ல யாருக்கும் தெரியலையா?" மருத்துவர் கலைக்கோவன் பக்கம் திரும்பினார். பிறகு ரேணுகாவின் முகத்தருகே குனிந்து, கன்னத்தில் இருந்த களிம்பை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "பூவதனியா? இந்த மாசம் நீங்க மூணாவது ஆள். இந்த மாஸ்க் இல்லாம நான் இப்ப ஓ.பி. பார்க்கிறதே இல்ல. ஒரு மஞ்சள்காமாலைக்காரரை நல்லா இருக்கீங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். அதுக்கப்புறம்தான் இது."

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா?" என்று கேட்டார் கலைக்கோவன்.

"இதயம் நின்னிருக்கும் சார். அப்பவும் முகம் நல்லாத்தான் தெரிஞ்சிருக்கும்."

கர்ப்பப்பையில் கட்டி. முதலில் நாலு பாட்டில் ரத்தம், பிறகு அறுவை. அந்தப் பன்னிரண்டு நாளில் பேரவையினர் ஒவ்வொருவராக வந்தார்கள். ஷமீம் அக்கா கட்டிலருகே உட்கார்ந்து, "மருந்துக்கடை வச்சிருக்கேன், கண்ணை வச்சுக்கலையே" என்று சொல்லிச் சொல்லி அழுதார். தாஸ், திருத்துவதற்கு முன் இருந்த படத்தைத் தேடி எடுத்துவந்து, உள்ளே வரத் துணியாமல் வாசலிலேயே நின்றார். புகழேந்தி மட்டும் நாலு ஆரஞ்சோடு வந்து, "தேறிட்டீங்க தங்கச்சி, முகம் நல்லாருக்கு" என்றார். பழக்கதோஷம். சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டு, "உடம்பு எப்படி இருக்கு, சொல்லுங்க" என்று திருத்தினார்.

ரேணுகா வீட்டுக்கு வந்த மறுவாரம், கலைக்கோவன் கடிதம் எண் 413ஐ எழுதி முடித்திருந்தார். ஒன்பது பக்கம். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. ஆறு பிரிவுகள், அதில் மூன்றுக்கு உட்பிரிவுகள். தன் வாழ்நாளில் இதுபோல ஒன்றை எழுதியதில்லை என்று நினைத்தார். படுக்கையில் தலையணைக்குச் சாய்ந்திருந்த ரேணுகாவுக்கு உரக்க வாசித்தும் காட்டினார். '...தங்கள் களிம்பு என் கண்களை மறைத்த காரணத்தால், என் மனைவியின் நோயை நான் அறிய இயலாமல் போனது...' என்ற இடத்தில் குரலும் கொஞ்சம் தழுதழுத்தது.

வாசித்து முடித்துக் கைதட்டலுக்குக் காத்திருப்பவர்போல நிமிர்ந்தார்.

"இதுல என் பேரு எங்க இருக்கு?" என்றாள் ரேணுகா.

"என் மனைவின்னு பதினெட்டு இடத்துல இருக்கே."

"அதான் கேட்டேன். சரி, நான் சொன்னது எங்க?"

"நீ என்ன சொன்னே?"

"தலை சுத்துதுன்னு சொன்னேன். மூச்சு வாங்குதுன்னு சொன்னேன். பத்து நாளா நிக்கலன்னு, வெக்கத்தை விட்டுச் சொன்னேன். உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு ஒன்பது பக்கம் எழுதியிருக்கீங்க. நான் வாயைத் திறந்து சொன்னேனே, அது ஒரு வரியில கூட இல்லையே?"

"இல்ல ரேணுகா, முகம் நல்லா இருந்ததால நான்..."

"களிம்பு என் முகத்துக்குப் பூசினேன். உங்க காதுக்கு யாரு பூசினது?"

கலைக்கோவன் ஒன்பது பக்கத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரம் தட்டி, மடியில் வைத்துக்கொண்டார். அதுவரை நானூற்றுப் பன்னிரண்டு கடிதம் அனுப்பியவர் அவர். எந்த நிறுவனமும் அவரை இப்படித் திருப்பிக் கேட்டதில்லை.

"அந்த நோட்டையும் பேனாவையும் இப்படிக் குடுங்க" என்றாள் அவள்.

இரண்டு நாள் எழுதினாள். அவர் பக்கத்தில் போனால் கையால் மறைத்துக்கொண்டாள். "பெறுநர் முகவரியில பின்கோடு சரியா இருக்கான்னு மட்டும் பார்க்கிறேனே" என்றார். "உறை மேல எழுதுறப்ப பாருங்க." மூன்றாம் நாள் காலை, இரண்டு பக்கக் கடிதத்தையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் தாஸ் திருத்தாத படத்தையும் உறைக்குள் வைத்து, பசை தடவி, கட்டைவிரலால் மூன்று தடவை அழுத்தி ஒட்டினாள். "போய்ப் போட்டுட்டு வாங்க" என்றாள்.

தபால் அலுவலகத்தில் கூட்டமில்லை. எடை பார்த்துக்கொண்டே கவுண்டர் பெண் கேட்டாள், "உள்ள என்ன சார்?"

தான் கொண்டுவந்த எந்த உறைக்கும் அவர் இந்தக் கேள்விக்குத் தடுமாறியதில்லை. பக்க எண்ணிக்கை, இணைப்பு எண்ணிக்கை, தேதி எல்லாம் ஒப்பிப்பார். இப்போது உறையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நல்ல உறை, நன்றாக ஒட்டியிருந்தது. பார்த்துப் பயனில்லை.

"ஒரு நிமிஷம்மா. கேட்டுட்டு வரேன்."

சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியில் அழைத்தார். "ரேணுகா, உள்ள என்னன்னு கேக்குறாங்க. கடிதம்னு சொன்னாப் போதும்தான். ஆனா எனக்குத் தெரியணும். என்ன எழுதியிருக்கே?"



"இவ்வளவு நேரம் ஆச்சா கேக்குறதுக்கு?" என்றாள். நோட்டுப் பக்கம் புரளும் சத்தம் கேட்டது. "சுத்தப் பிரதிதான் உறையில இருக்கு. கரட்டுப் பிரதி இங்க இருக்கு. நடுவுல பேசக் கூடாது. திருத்தக் கூடாது."

"மாட்டேன்."

அவள் வாசித்தாள். அவர் தலையைக் குனிந்து, கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவள் பெயர், வேலை, எந்தெந்தத் தேதியில் உடம்புக்கு என்ன செய்தது, யாரிடம் சொன்னாள், அவர்கள் என்ன சொன்னார்கள் எல்லாம் இருந்தது. 'கணவரிடம் ஏழு முறை' என்று வந்தது. மூன்று முறைதான் அவருக்கு நினைவிருந்தது. வாயைத் திறக்கப் போனவர், மூடிக்கொண்டார். மற்ற நாலும் எப்போது என்று அவள் தேதியோடு வாசித்தாள். அதில் ஒன்று அவருடைய பிறந்தநாள்.

'எனவே டப்பாவின் முன்பக்கத்தில், உங்கள் பெயர் இருக்கும் அதே அளவு எழுத்தில், கீழ்க்கண்டதை அச்சிட வேண்டும்: இதைப் பூசியவர் உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னால், அவர் முகத்தைப் பார்க்காதீர்கள். சொல்வதை நம்புங்கள்.'

"அவ்வளவுதானா?" என்றார் கலைக்கோவன்.

"இன்னும் ஒரு வரி இருக்கு. 'நான் உங்கள் களிம்பைத் தூக்கிப் போடவில்லை. தினமும் பூச மாட்டேன். என் நாத்தனார் வீட்டு விசேஷங்களுக்கு மட்டும் பூசுவேன். அங்கே யாரும் என்னைக் கூர்ந்து பார்க்க வேண்டிய அவசியமில்லை. இப்படிக்கு, ரேணுகாதேவி.'"

நாத்தனார் என்பது அவருடைய சொந்தத் தங்கை. கலைக்கோவன் சிரிக்கலாமா கூடாதா என்று யோசித்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்பதால் சிரித்தார். எழுந்து கவுண்டருக்குப் போனார்.

"கடிதம்தாம்மா. ரெண்டு பக்கம், ஒரு படம், ஒரு ரத்த ரிசல்ட்."

"நீங்க எழுதினதா சார்?"

"இல்ல. ரேணுகாதேவி எழுதினது. அனுப்புநர்ல அவங்க பேரைப் போடுங்க."

கவுண்டர் பெண் தட்டெழுதி, பட்டைக்குறி ஒட்டி, மேலே ஒரு முத்திரை குத்தி, உறையைப் பின்னால் இருந்த பையில் போட்டாள்.